முதலில் திறந்தவள்

தாராவியில் வானமாமலையின் அச்சகத்தில் மாரீஸ்வரி கல்யாணப் பத்திரிகை தட்டச்சு செய்கிறாள். புதிதாக ஒன்றை அவள் உருவாக்கியதே இல்லை. போன கல்யாணத்தின் பத்திரிகையைத் திறப்பாள், பெயர்களை மாற்றுவாள், அப்படியே சேமிப்பாள். இருந்த சில பத்திரிகைகளிலேயே பாதித் தாராவிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

அவளுடையதும், அதே முறையில் வேலை செய்யும் பக்கத்து இருக்கை தமன்னாவுடையதும் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்கள். எக்ஸ்பியைச் செய்தவர்களே அதைக் கைகழுவிவிட்டார்கள். தகவல் தாராவிக்கு இன்னும் வந்துசேரவில்லை.

மாட்டுங்காவிலிருந்து வெங்கடேஸ்வரன் என்ற இன்ஜினியர் வந்து பரணில் ஒரு லினக்ஸ் சர்வரை வைத்தார். அதில் சாம்பா என்றொரு மென்பொருள். சர்வரும் விண்டோஸ் இனத்தான்தான் என்று பழைய கம்ப்யூட்டர்களை நம்பவைப்பது அதன் வேலை. பம்பாயில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கு இது புதிதல்ல.

"இனி எல்லாப் பத்திரிகையும் ஒரே எடத்துல. பெறவு ரெண்டு ஆள் எதுக்கு?" என்றார் வானமாமலை. "இந்த மாசம் யாரு கூடுதலா முடிக்கியளோ அவுக இருக்கலாம்."

மறுநாள் மாரீஸ்வரி ஒரு பத்திரிகையைத் திறந்தாள். தமன்னா அதைப் பயன்படுத்துகிறார், நீங்கள் பார்க்க மட்டும் செய்யலாம் என்றது திரை.

"பாத்துக்கிட்டு இருக்கதுக்கா அண்ணாச்சி எனக்குச் சம்பளம்?"

"அது பூட்டு மேடம். உங்க நல்லதுக்குத்தான்" என்றார் இன்னும் பரணில் வேலையாக இருந்த வெங்கடேஸ்வரன்.

"எடுத்துத் தொலையும் வே" என்றார் வானமாமலை. எடுத்தார்.

அந்த வாரமே மாரீஸ்வரி ஒரு பத்திரிகையில் பெண்வீட்டை மட்டும் மாற்றிச் சேமித்து, திறந்தபடி விட்டுச் சாப்பிடப் போனாள். தமன்னா அதே பத்திரிகையைத் திறந்தாள். பெண் பெயர் புதிதாக இருந்தது. அக்கா தனக்கு உதவியிருக்கிறாள் என்று நெகிழ்ந்து, தன் வாடிக்கையாளர் நாகராஜை மாப்பிள்ளையாக்கிச் சேமித்தாள்; சரிபார்க்க அவனுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நாகராஜ் செம்பூரில் பிறந்தவன், தமிழ் வாசிக்கத் தெரியாது. "ஏக்தம் மஸ்த்", பிரமாதம் என்று இந்தியில் பதில் வந்தது. அச்சாகிவிட்டது.

நாகராஜின் அப்பாவுக்குத் தமிழ் தெரிந்திருந்தது துரதிர்ஷ்டம்.

"எம் மவன் யாரைவே கெட்டப் போறான்?" அவர் போட்ட சத்தம் சாலை வரை கேட்டது.

"நீங்கதான செஞ்சு வச்சீங்கன்னு நெனச்சேன் அக்கா" என்றாள் தமன்னா.

"நான் என்ன ஒனக்குத் தரகரா?"

பூட்டு திரும்பி வந்தது. மாரீஸ்வரி இம்முறை அதை எதிர்க்கவில்லை. முதலில் திறப்பவர் கையில்தான் பூட்டின் சாவி என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. காலையில் முதல் ஆளாக வந்து, இருக்கிற எல்லாப் பத்திரிகைகளையும் வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டாள். தமன்னா மாதக் கடைசி வரை பார்க்க மட்டும் செய்தாள்.

"அந்தப் பிள்ள சும்மால்லா இருக்கு" என்றார் வானமாமலை.

"சின்னப் பிள்ளதான அண்ணாச்சி" என்று மாரீஸ்வரி பரிந்து பேசினாள்.

தமன்னா குர்லாவில் ஒரு செல்போன் கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். மாரீஸ்வரி இன்றும் காலையில் வந்ததும் எல்லாவற்றையும் திறந்து வைக்கிறாள். எப்போதாவது வானமாமலை தன் மேஜையிலிருந்து ஒரு பத்திரிகையைத் திருத்தப் பார்ப்பார். மாரீஸ்வரி பயன்படுத்துகிறார் என்று வரும். பார்த்துக்கொண்டிருப்பார்.