ராட்டினத்து வரிசை

எழுபதுகளின் நடுவில், இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை கிடைத்தது. அதனால் பதுளைக்கு வந்திருந்த கார்னிவலில் சேர்ந்தேன். ராட்டினத்துக்கு முன்னால் கயிறு கட்டி, ஆட்களை வரிசையில் நிறுத்துவது என் வேலை.

கயிற்றை நேராகக் கட்டக் கூடாது என்றார் முதலாளி. பாம்பு மாதிரி வளைத்துக் கட்டினால் வரிசையின் நீளம் நிற்பவர்களுக்குத் தெரியாது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை எல்லோரையும் ஓர் அடி முன்னால் நகர்த்த வேண்டும். ராட்டினம் நின்றிருந்தாலும் நகர்த்த வேண்டும். டவுன் ஆட்கள்தான் கயிற்றுக்கு அடியில் குனிந்து புகுந்தார்கள். தோட்டத்து ஆட்களிடம் நான் குரலை உயர்த்த வேண்டியே இருந்ததில்லை. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டு, மாலையில் கொழுந்து நிறுக்கும் இடம், அதற்குப் பிறகு ரேஷன் மாவுக்கு என்று நின்று பழகியவர்கள். நானும் அப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம் மழை பிடித்து, மோட்டார் நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் சாமான் வாங்கப் பண்டாரவளைக்குப் போனார். இன்று ஓடாது என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஓடாதுன்னு சொன்னா எல்லாரும் வீட்டுக்குப் போயிருவாங்க. மத்தக் கடையெல்லாம் காத்தாடும். இன்னும் கொஞ்ச நேரம்னு சொல்லிக்கிட்டே இரு."

சொன்னேன். எல்லோரும் நனைந்துகொண்டே நின்றார்கள்.

முன்வரிசையில் ஒரு பெண், ஏழு வயது மகளைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, ஓடுங்களா? நமுனுகுல பஸ் அஞ்சு மணிக்கு. அத விட்டா வேற இல்ல."

"ஓடும். நில்லுங்க."

"ஒப்பந்தத்துல எங்க பேர் வந்திருச்சு, வியாழக்கிழமை ஒரேயடியா இந்தியாவுக்குப் போறோம். போறதுக்கு முந்தி ஒரு தடவ ஏறணும்னு இவ ஒரே அழுக."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒருத்தியிடம் சொன்னால் வரிசை முழுக்கத் தெரிந்துவிடும், என் வேலையும் போய்விடும். ஓர் அடி முன்னால் வரச் சொன்னேன். வந்தார்கள்.

இருட்டிய பிறகு, நாளைக்கு வாருங்கள் என்று முதலாளி ஒலிபெருக்கியில் சொன்னார். யாரும் சத்தம் போடவில்லை. பஸ் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. அவள் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கமாக நடந்தாள்.

மறுநாள் ராட்டினம் ஓடியது. அவள் வந்தால் முதலில் ஏற்றிவிடலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் பதுளை ஸ்டேஷனுக்குப் போனேன். ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதவர்களுக்கு நடுவில் அவளைத் தேடிக் கண்டுபிடித்தேன். புருஷன் தகரப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் தோளில் கிடந்த மகளுக்குக் காய்ச்சல், கண்ணைத் திறக்கவில்லை.

"அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேங்க. ஓடாதுன்னு எனக்கு மொதல்லயே தெரியும்," என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "எங்களுக்கும் தெரிஞ்சுதான் இருந்திச்சு, அண்ணே. நீங்க போகச் சொல்லுவீங்கன்னுதான் நின்னுக்கிட்டிருந்தோம்."

ரயிலுக்கு மணி அடித்ததும் அவர்கள் கோச்சியில் ஏறினார்கள். எந்த ஜன்னல் என்றுகூடத் தெரியவில்லை.

கார்னிவல் அடுத்ததாகப் பண்டாரவளைக்குப் போனது. நானும் கூடவே போனேன். வேறு வேலை இல்லை. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டு எழுத, இந்தியாவில் அவர்கள் போன ஊரின் பேர்கூட எனக்குத் தெரியாது.