வாந்திபேதி வக்கீல்

எங்கள் ஆபீசுக்கு மாவட்ட சுகாதாரக் கல்வி அலுவலராக ஒரு வக்கீல் வருகிறார் என்று 1974-ல் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து வேலை பார்த்த ஹெல்த் இன்ஸ்பெக்டர். கொசு மருந்து அடித்து, கிணற்றுக்குக் குளோரின் போட்டு, ஊராரிடம் ஏச்சு வாங்கி மெதுவாக மேலே வரலாம் என்றிருந்தால், கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு ஒருவர் வந்து என் தலைமேல் உட்காருவதா?

பெயர் தைரியராஜ். மேலப்புதூர் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. திருச்சி கோர்ட்டில் அவர் ஜெயித்த கேஸ் எது என்று யாருக்கும் நினைவில்லை. தோற்ற கேஸும் கிடையாது. அவர் எடுத்த கேஸ் எதுவும் முடிந்தால்தானே? வாய்தா வாங்குவதில் அத்தனை கெட்டிக்காரர். கட்சிக்காரருக்கு உடம்பு சரியில்லை, வேறு தேதி வேண்டும் என்று மனுப் போடுவார். அவருக்குப் பிடித்த வியாதி வாந்திபேதி. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். கால் முறிவு என்றால் கட்டைக் காட்டச் சொல்லலாம். வாந்திபேதிக்கு எந்த ஜட்ஜ் அத்தாட்சி கேட்பார்?

"டாக்டருங்களைவிட இவருக்குத்தான்யா வியாதி பேரெல்லாம் தெரியும். சரியான டிபார்ட்மெண்டுக்குத்தான் போறாரு" என்று கோர்ட் கேன்டீனில் வழியனுப்பினார்களாம். இதை அவரே பெருமையாக என்னிடம் சொன்னார்.

வந்த பிறகும் ஆள் மாறவில்லை. முசிறிச் சந்தையில் மைக்கைப் பிடித்து, "தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்பது எங்கள் தரப்பு வாதம்" என்று ஆரம்பித்தார். பழக்க தோஷம், எதிர்த்தரப்பையும் எடுத்துச் சொன்னார். "விறகு என்ன விலை விக்குது? நம்ம பாட்டன் முப்பாட்டன் காவிரித் தண்ணியைக் காய்ச்சியா குடிச்சாங்க?" எதிர்த்தரப்புக்குத்தான் கைதட்டல். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இன்னொன்று, அவருக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். முகாமுக்குப் போகிறவர்கள் காலரா ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு தடவையும் என்னிடமே மனுப் போடுவார். "யதிராஜன், இன்னிக்கு லேசா ஜலதோஷம். அடுத்த வாரம் போட்டுக்கறேனே." பெயரில் மட்டும் தைரியத்தை வைத்த பெற்றோரைச் சொல்ல வேண்டும்.

1978 மழைக்காலத்தில் பச்சைமலையில் வாந்திபேதி கண்டது. ஓடையின் மேல்கரையில் சில சாவுகள். அதே ஓடையில் தண்ணீர் எடுக்கும் கீழூருக்கு ஊசி மருந்தோடு நாங்கள் ஓடினோம். எமர்ஜென்சி காலத்துக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் பயம் இன்னும் தெளியாத நேரம். ஜீப் சத்தம் கேட்டதும் ஊரே மரவள்ளிக் காட்டுக்குள் புகுந்துகொண்டது. ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டே எதிரே வந்தார். அந்த ஊர் முக்கியஸ்தர் ஆண்டி, தைரியராஜின் பழைய கட்சிக்காரர்.

"வக்கீலய்யா, நீங்களா!"

"ஆண்டி, ஊர்ல யாருக்காவது வாந்திபேதி இருக்காப்பா?"

ஆண்டி கண்ணைச் சிமிட்டினார். "எத்தனை பேருக்கு வேணும்னு சொல்லுங்கய்யா. எல்லாருக்கும்னே எழுதிக்குங்க."

"நெசமாத்தான் கேக்கறேன்."

"எனக்குந்தான் வருஷம் தவறாம கோர்ட்டுல வாந்திபேதி வரவெச்சீங்க. நான் அந்நேரம் வெளியில உக்காந்து பரோட்டா தின்னுக்கிட்டிருந்தேன். ஒண்ணும் ஆகலையே! மேல்கரையில செத்தது முனி அடிச்சு. நீங்க கவலைப்படாதீங்க."

காட்டுக்குள்ளிருந்து கொல்லென்று சிரிப்பு. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஊரில் வாந்திபேதி என்பது வியாதியே இல்லை. சர்க்காரிடம் தேதி தள்ளி வாங்குவதற்காகச் சொல்கிற ஒரு வார்த்தை. கற்றுக் கொடுத்த வாத்தியார் என் பக்கத்தில் வெளிறிப்போய் நின்றார்.

"ஆண்டி, கோர்ட்டுல சொன்னது பூரா பொய். இது பொய்யில்லப்பா. ஊசி போட்டுக்கலேன்னா இந்த ஊர்லயும் சாவு விழும்."

"அப்ப மொதல்ல நீங்க போட்டுக்குங்க."

"போட்டுக்கலாம்தான்... காலையிலேருந்து லேசா ஜலதோஷம்..."

ஆண்டி ஜட்ஜ் மாதிரி கையை உயர்த்தினார். "வாய்தா கெடையாதுங்கய்யா!"

தைரியராஜ் ஓடையைப் பார்த்தார். காட்டுக்குள் தெரிந்த தலைகளைப் பார்த்தார். "மாதாவே" என்று சட்டைக் கையைச் சுருட்டினார். இத்தனை வருஷ வாய்தாவையும் மனத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் சந்தோஷமாகத்தான் குத்தினேன். மனிதர் ஜீப் சக்கரத்தோரம் மல்லாந்து விழுந்தார்.

தொலைந்தது, இனி இந்த ஊரில் ஒரு கோழிகூட ஊசிக்கு வராது என்று நினைத்தேன். ஆண்டி குனிந்து அவர் இமையைத் தூக்கிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"கோர்ட்டுல பொய் சொல்றப்ப இந்த மனுசனுக்கு ஒரு நாளும் கால் நடுங்கினதில்ல. இன்னிக்கு விழுந்துட்டாரு. இது நெசம்டா! எல்லாரும் வாங்கடா!"

வந்தார்கள். ஆண்டி மட்டும் வரிசைக்கு வராமல் வீட்டுக்குள் ஓடி, மகள் அமிர்தத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். காலையிலிருந்து அவளுக்குப் போய்க்கொண்டிருந்ததாம். ஆபரேஷன் ஜீப்பில் தூக்கிப் போய்விடுவார்கள் என்று பயந்து, எங்களிடம் சிரித்து மழுப்பியபடி ஒளித்து வைத்திருக்கிறார். அவள் கண்கள் குழிக்குள் போயிருந்தன. அதற்குள் கண் விழித்த தைரியராஜ் அவளை ஜீப்பில் ஏற்றினார். நான் யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த கூஜாவைப் பிடுங்கி, அதிலிருந்த காய்ச்சிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்து, துறையூர் ஆஸ்பத்திரி வரைக்கும் புகட்டிக்கொண்டே போனார். ஆண்டியும் கூடப் போனார். நான் ஊரில் தங்கி மற்றவர்களுக்கு ஊசி போட்டேன்.

மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்க, அமிர்தம் கஞ்சி கேட்டுக்கொண்டிருந்தாள். ஆண்டி தைரியராஜின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் கோர்ட்டுல வாய்தா வாங்கிக் குடுத்தீங்க. என் மவளுக்கு எமங்கிட்டயே வாங்கிக் குடுத்துட்டீங்களேய்யா."

தைரியராஜ் தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் தாங்கவில்லை. ஆனால் உத்தியோகம் உத்தியோகம்தானே?

"சார், அடுத்த வாரம் உங்களுக்கு ரெண்டாவது ஊசி இருக்கு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வயிற்றை மெல்லத் தடவினார். "யதிராஜன், காலையிலேருந்து வயிறு ஒரு மாதிரியா இருக்கு. வாந்திபேதியா இருக்குமோன்னு..."

கட்டிலில் கிடந்த அமிர்தம்தான் முதலில் சிரித்தாள்.