மாமியார் திருப்பிக் கேட்ட டின்கள்

எங்கள் ஊர் பொன்னேரிப் பக்கம். குட்டை ரக நெல் வந்த புதிதில் கூடவே பூச்சி மருந்தும் வந்தது. வெள்ளைத் தூள், வாய் அகலமான தகர டின்னில். மருந்து கொடுத்த விவசாய ஆபீஸ்காரர், காலி டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு, நசுக்கி, கிணறு இல்லாத மேட்டில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள் என்றார். நல்ல டின்னை ஓட்டை போடச் சொல்கிறாரே, மனிதருக்கு மூளை குழம்பிவிட்டதா என்று ஊரே சிரித்தது.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் என் மாமியார். ஒரு சாமானைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வராது. டின்னைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மேலிருந்த மண்டையோட்டுப் படத்தைச் செங்கல் துண்டால் சுரண்டி எடுப்பார். படம் போனால் விஷமும் போயிற்று என்பது அவர் கணக்கு. எங்கள் வீட்டு டின்னுக்குத் தெருவில் ஏக கிராக்கி. பருப்பு, மிளகாய், வடகம் எல்லாம் வீட்டுக்கு வீடு அதில்தான் இருந்தன. எனக்கு அவற்றைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் புதிதாக வாழ வந்தவள் பேச்சு எங்கே எடுபடும்?

நாத்தனாரைக் கவரைப்பேட்டையில் கொடுத்திருந்தது. அவள் முழுகாமல் இருந்தபோது முறுக்கு சுட்டு எடுத்துப் போனோம். மாமியார் சுடும் முறுக்குக்குச் சம்பந்தி வீட்டில் பெரிய பேர். இருப்பதிலேயே பளபளப்பான டின்னாகப் பார்த்து அடுக்கி மூடினார். பொன்னேரி ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தபோது டின் என் மடியில் இருந்தது. வெயில் ஏற ஏற, மூடி இடுக்கிலிருந்து வயலில் மருந்தடிக்கும் அன்றைக்கு வரும் அதே நெடி வந்தது.

"அத்தே, மருந்து வாசனை வருது."

"அது பெருங்காயம்டி. கம்முனு வா."

டின்னை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தேன்.

அங்கே போய் டின்னைத் திறந்ததும் நாத்தனார் ஆசையாகக் கையை விட்டாள். "துன்னாத!" என்று நான் போட்ட சத்தத்தில் முறுக்கு அவள் கையிலிருந்து விழுந்தது. பக்கத்தில் சம்பந்தியம்மா வேறு நிற்கிறார். மாமியார் பார்த்த பார்வையில் நான் பஸ்பமாகியிருக்க வேண்டும்.

"இன்னாடி பேச்சு இது? நானே துன்னு காட்டட்டா?" என்று ஒரு முறுக்கை எடுத்தார். உதடுவரை போன கை நின்றது. மோந்து பார்த்தார். மகளின் வயிற்றைப் பார்த்தார். பிறகு சம்பந்தியம்மா பக்கம் திரும்பினார்.

"எண்ண சிக்கு புடிச்சிருச்சி சம்பந்தி. நான்தான் கவனிக்கல. ஒருத்தரும் துன்ன வாணாம்."

முறுக்குக்குப் பேர் போனவர், சிக்கெண்ணெயில் சுட்டதாக நாலு பேர் முன்னால் தானே சொல்லிக்கொண்டார். அன்றுதான் அவர்மேல் எனக்கு முதன்முதலாகப் பிரியம் வந்தது. முறுக்கைக் கோழிக்குக்கூடப் போடாமல் கட்டிக்கொண்டார். மகளுக்கு முன்பே கொடுத்தனுப்பி, அவள் அடுக்களையிலிருந்த டின்னையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் வீடுவீடாகப் போய், கொடுத்த டின்களைத் திருப்பிக் கேட்டார்.

"குடுத்தத திருப்பிக் கேக்கிறியே, வெக்கமா இல்ல?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"வெக்கம் பாத்தா புள்ளைங்க பூடும். என் பொண்ணு வாய்வரைக்கும் வந்துட்ச்சி. குடு." டின் கைக்கு வரும்வரை அவர் வாசலைவிட்டு எழுந்திருக்க மாட்டார். பதிலுக்கு மூடியோடு மண்சட்டி வாங்கிக் கொடுத்தார்.

நான் ஆணி அடிப்பேன், அவர் கல்லைப் போட்டு நசுக்குவார், என் வீட்டுக்காரர் மேட்டில் குழி வெட்டுவார். போகப்போக, சிரித்தவர்களே காலி டின்னில் ஓட்டை போட்டு எடுத்து வர ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்தான்.

அப்படி நசுக்கிக்கொண்டிருந்த ஒரு நாள் மாப்பிள்ளை வந்தார். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றார்.

"கை காலு, கண்ணு, எல்லாம் நல்லா கீதா?" என்றார் மாமியார்.

"நல்லா கீது அத்தே. பசி வந்தா அது போடுற சத்தத்துல ஊடே ரெண்டாவுது."

கல்லை வைத்துவிட்டு மாமியார் அங்கேயே உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளை கைகால் கழுவப் போனதும், என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து அவ ஊட்டுப் பருப்பு அந்த டின்லதான்டி இருந்திச்சி" என்றார்.