ஒப்புக்கொள்ள வந்த காசிம்

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனுக்குச் சொந்த வாய் கிடையாது. குற்றம் சாட்டப்பட்ட எதிரியின் அழுகையையும் நீதவானின் கோபத்தையும் ஒரே முகத்தோடு சொல்ல வேண்டும். வழக்கென்று போய் நீதிமன்ற வாங்கில் இருந்து இடுப்பு நொந்த உங்களுக்கு அந்த முகம் தெரிந்திருக்கும். வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலத்தில், பழைய பத்திரிகைகளைப் படித்துச் சேர்த்த இங்கிலீசோடு, புத்தளத்தில் நான் அந்த வேலை பார்த்தேன். நினைக்க நினைக்கச் சந்தோஷம் தருவது காசிமின் வழக்கு.

யோசித்துவிட்டு வா

காசிம் எத்தாளை என்ற கரையோர ஊரின் மீனவன். கரைவலை இழுக்கும் இடத்துக்காக வலைகளின் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியோடு சண்டை பிடித்திருந்தான். சில நாளில் கரையில் சம்மாட்டியின் வாடி என்ற மீன்குடில் எரிந்தது. உள்ளே படுத்திருந்த காவலாளி கால் வெந்து தப்பினான். பொலிசார் காசிமைப் பிடித்தார்கள். மேல் நீதிமன்றம் போனால் காசிமுக்குப் பல வருஷச் சிறை. அனுப்புவதா விடுவதா என்று முதலில் விசாரிப்பவர் எங்கள் நீதவான், கொழும்புப் பறங்கியர்.

எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாகப் பொலிஸ் சார்ஜன் சொன்னார். நீதவான் பேனையைத் தொடவேயில்லை. பொலிசார் கிட்டப் போகாதபடி அவனை மறியல் சிறையில் வைக்கச் சொன்னார். ஆற அமர யோசித்த பின் விரும்பினால் பேசட்டும் என்றார். சார்ஜன் என் காதருகே குனிந்தார்: "முதலியார், ஒப்புக்கொள்ள வந்தவனை யோசிக்கச் சொல்லுற நீதவானை இப்பதான் பாக்கிறன்!"

கதவைச் சாத்திய பிறகு

அடுத்த விசாரணைத் தவணையில் நீதவான் பொலிசாரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். "யாராவது அடித்தார்களா? ஆசை காட்டினார்களா?" காசிம் தலையாட்டி மறுத்து, தன் கணக்கைச் சொன்னான். அவன் ஊர்ப் பள்ளிவாசல் விசாரணையில் குற்றத்தை ஏற்று மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்டால் கதை முடிந்தது. பெருநாளைக்கு வீட்டில் இருக்கலாம். இங்கேயும் அப்படித்தான் என்று ஊர்த் தலைவரான விதானையார் சொல்ல, அவன் நம்பிவிட்டான். "எந்தப் பக்கம் நெருப்பு வைத்தாய்?" என்று நீதவான் கேட்டார். காசிம் திகைத்து என்னைப் பார்த்தான்.

"அத விதானையார் சொல்லித் தரல்லியே, தொரே!"

நீதவான் எழுத எடுத்த காகிதத்தை மேசைக்குள் வைத்துவிட்டார்.

வாடியடியில்

மிச்சம் இருந்தது காவலாளியின் சாட்சி. கடல் பக்கமாகக் காசிம் ஓடியதைப் படுத்தபடியே கண்டானாம். நீதவான் எங்களையெல்லாம் எத்தாளைக்குக் கூட்டிப் போனார். தென்மேற்குச் சோளகக் காற்று மணலை வாரி அடித்தது. காற்று நெருப்பைத் தரைப் பக்கம் தள்ளியிருந்ததால் கடல் பக்கத்துத் தென்னோலைக் கிடுகுச் சுவர் கருகியும் விழாமல் நின்றது. மணல் வராதிருக்க அதை இடைவெளியில்லாமல் கட்டியிருந்தார்கள்.

"படுத்த இடத்தில் படுத்துக் காட்டு" என்றார். காவலாளி படுத்தான், எதிரே கிடுகு மட்டும். நீதவான் கைத்தடியால் அதைத் தட்டினார். பிறகு, கூரை முற்றாக எரிந்திருந்த மூலையில் மூன்று அடுப்புக் கற்களைக் காட்டினார்.

காவலாளி எழும்பவில்லை. "இந்தக் காத்துக்க வெளியில அடுப்பு நிக்குமா, ஐயா? மீனச் சுட்டுப்போட்டு அடுப்ப அணைக்காம அப்படியே கண்ணயந்திட்டன். சம்மாட்டிக்குப் பயத்திலதான் காசிமுட பேரச் சொன்னன்."

விடுதலை

வழக்கு மேல் நீதிமன்றம் போகாது, காசிம் போகலாம் என்று நீதவான் அறிவித்தார். என் முகத்தையும் மறந்து உரக்கச் சொன்னேன். காசிமோ கைகட்டி, மாப்புக் கேட்கும் முறை வரட்டும் என்று எதிரிக் கூட்டிலேயே நின்றான். பின்வாங்கில் இருந்த அவன் மனைவி செய்னம்பு எழுந்தாள்.

"இன்னும் என்னத்த ஒப்புக்கொள்ள நிக்கிறீங்க? இறங்கி வாங்க ஊட்டுக்கு!"

என்னவென்று நீதவான் கேட்டதால் அதையும் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்தது முற்றம் வரை கேட்டது. அன்றிரவு என் மனைவியிடம் சொன்னபோது, அவள் சோற்றைப் போடாமல் சிரித்தாள்.

வழக்கை முளையிலேயே முடிக்க ஒரு நல்ல நீதவான் போதும். முடிந்துவிட்டது, வீட்டுக்கு வா என்று சொல்லத்தான் ஒருத்தி வேண்டும்.