ஷெட்டுக்கு நடுவே ஒரு சைக்கிள் பாதை

எனக்கு யார் மேலும் கோபம் நிற்காது. காலையில் சண்டை போட்டவளிடமே மத்தியானம் ஊறுகாய் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஆள் நான். ஒரே ஒருவர் விஷயத்தில் மட்டும் அப்படி முடியவில்லை. அவர் எங்கள் நகரின் குடியிருப்போர் சங்கத் தலைவர். அவருடைய கார் ஷெட் இருந்த இடத்தின் வழியாகத்தான் இப்போது தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். அந்த வழி எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு, பஞ்சாயத்து போட்டது என்று சொல்லிவிடுவேன். அது பாதி உண்மை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஆம்பூரிலிருந்து மாதனூர் போகிற வழியில், ஹைவேயை ஒட்டி, நிலக்கடலை விளைந்த நிலத்தைப் பிளாட் போட்டு விற்றார்கள். முன்வரிசையில் பெரிய மனைகள். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், வாத்தியார்கள், வேலூர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் அங்கே மாடி வீடு கட்டினார்கள். பின்வரிசையில் அரை கிரவுண்டு மனைகள். அங்கே நாங்கள், ஷூ கம்பெனிக்காரர்கள். இரண்டுக்கும் நடுவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய காலி இடம். பூங்கா என்று பெயர்தான், இருந்ததெல்லாம் முள்ளும் இரண்டு வேப்ப மரமும். ஆனால் அதற்குள் எங்கள் கால் போட்ட ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. சைக்கிளில் இரண்டு நிமிஷம் மிதித்தால் கம்பெனி பஸ் நிற்கிற இடம். ஆறு நாற்பதுக்கு பஸ். ஆறரைக்குக் கிளம்பினால் போதும், தலை சீவிக்கொள்ளக்கூட நேரம் இருக்கும்.

நான் எட்டாவதோடு நின்றவள். மிச்சப் படிப்பெல்லாம் அந்த பஸ்ஸில்தான். யார் என்ன சொன்னாலும் எனக்கு ஞாபகம் நிற்கும். கட்டிங் செக்‌ஷனில் வேலை செய்கிற அக்கா ஒருத்தி, என் பக்கத்து சீட், ஒருநாள் சொன்னாள்: "கோவம் வந்தா கத்தாத. டிபன் பாக்ஸ்ல போட்டு மூடி வை. மத்தியானம் தொறந்தாலும் சுடச்சுட இருக்கும்." அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். பிறகு எனக்கு அது உதவியது.

தலைவர் வீடு முன்வரிசையில், பூங்கா இடத்தை ஒட்டிய மூலை வீடு. முதலில் தன் வேலிக்கு வெளியே, பூங்கா இடத்தில், நாலு வாழை வைத்தார். பிறகு வாழையைச் சுற்றி கம்பி. பிறகு கம்பிக்குள் கார் ஷெட், தகரக் கூரை, சிமெண்டுத் தரை. யாரும் கேட்கவில்லை. அதன்பின் முன்வரிசையில் ஒரு வீட்டில் சைக்கிள் பம்ப் ஒன்று திருடு போனது. பம்ப்தான், வேறொன்றும் இல்லை. மறுவாரமே பூங்கா இடத்தின் பின்பக்கம் முழுக்க கம்பி வேலி, ஒரு கேட், கேட்டுக்குப் பூட்டு. சாவி தலைவரிடம்.

நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் போய்க் கேட்டோம். வாசலில் நின்றுகொண்டே பேசினார்.

"இது பார்க் இடம்மா. ரோடு இல்ல."

"காலைல ஒரு பத்து நிமிஷம் தொறந்து வெச்சா போதும் சார். பஸ்ஸுக்குப் போவணும்."

"செருப்புக் கம்பெனிக்குப் போற கும்பலெல்லாம் பார்க்ல பூந்து போனா, அப்புறம் அதுக்குப் பேரு பார்க்கா? சுத்திப் போங்க. நடந்தா ஒடம்புக்கு நல்லது."

சுற்றிப் போனோம். சுற்றி என்றால் ஹைவே ஓரம். லாரி எங்கள் முழங்கையை உரசிக்கொண்டு போகும். ஒன்றரை மாதம் போனோம். ஒரு விடியற்காலை தூறல். பின்னால் வந்த தண்ணீர் லாரி என்னை இடிக்கக்கூட இல்லை, காற்றுதான் அடித்தது. சைக்கிள் சரிந்தது. வலது கணுக்கால் சைக்கிளுக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தகடு வைத்து ஆறு திருகு போட்டார்கள்.

தையல் மெஷின் ஓட்டுகிறவளுக்கு வலது கால் என்றால் என்ன என்று வெளியாட்களுக்குத் தெரியாது. ஊசி எங்கே நிற்க வேண்டும், வளைவில் எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்று கைக்கு முன்னால் காலுக்குத் தெரியும். ஷூவின் முன்பக்கத்தில் இரட்டைத் தையல் போடுகிற மெஷினில் பதினொரு வருஷம் உட்கார்ந்தவள் நான். திரும்பிப் போனபோது கால் மிதித்தது, ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. வளைவைத் தாண்டித் தாண்டி ஓடியது தையல். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "கொஞ்ச நாள் நூல் வெட்டுற டேபிள்ல இரும்மா." கொஞ்ச நாள் இன்றுவரை முடியவில்லை.

நான் கட்டோடு படுத்திருந்தபோது தலைவர் பார்க்க வந்தார். ஆறு சாத்துக்குடி கொண்டுவந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"பொம்பளைங்களுக்கு சைக்கிள் எதுக்கும்மா? ஷேர் ஆட்டோல போவலாம் இல்ல? நான் அப்பவே நெனச்சேன்."

அந்த ஆறையும் நான் சாப்பிடவில்லை. ஜன்னலில் வரிசையாக வைத்தேன். அவை சுருங்கி, பழுப்பாகி, கல் மாதிரி ஆகிறவரை பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர் செத்துப்போக வேண்டும் என்று நினைக்கவில்லை. அவர் கண் எதிரிலேயே, அவருக்குப் பிடித்தமான ஏதாவது ஒன்று உடைய வேண்டும், அதை நான் நின்று பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அவருக்குப் பிடித்தது அந்த கார். வாரத்துக்கு இரண்டு தடவை ஷாம்பூ போட்டுக் கழுவுவார்.

வேலைக்குத் திரும்பிய கொஞ்ச காலத்தில் சங்கத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு இரண்டு பங்கு போட்டுப் பூங்கா அமைத்துத் தரும் திட்டத்தில் எங்கள் நகர் விண்ணப்பிக்கிறதாம். நடைபாதை, ஊஞ்சல், சுற்றிலும் சைக்கிள் பாதை. கூடவே ஒரு படம். அதில் முன்பக்கம் ஒரே ஒரு வாசல். காலை ஏழு மணிக்குத் திறக்கும். பின்பக்கம் ஆளுயரச் சுவர். அதாவது, பூட்டிய கேட்டுக்குப் பதில் நிரந்தரமாக ஒரு சுவர். அதற்கு நாங்களும் வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு கொடுக்க வேண்டும்.

அந்தப் படத்தை பஸ்ஸில் அக்காவிடம் காட்டினேன். அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இதுல ஷெட்டைக் காணோமே?" என்றாள்.

காணோம்தான். விண்ணப்பத்துக்கான அந்தப் படத்தில் தலைவர் பூங்கா இடத்தின் முழு அளவையும் எழுதியிருந்தார். அளவு ஜாஸ்தி இருந்தால்தான் பணம் ஜாஸ்தி வரும். தன் ஷெட்டும் அந்த அளவுக்குள்தான் நிற்கிறது என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. அவ்வளவு நாள் அது அவர் இடமாகவே ஆகியிருந்தது.

பஞ்சாயத்து ஆபீசில் மனு கொடுத்து மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை வாங்கினேன். நாலு தடவை நடக்க விட்டார்கள். நொண்டிக்கொண்டு நடந்தேன். பஜாரில் ஜெராக்ஸ் கடை பாய் அதைப் பெரிது பண்ணிக் கொடுத்து, "இன்னாம்மா, ஊரையே வாங்கப் போறியா?" என்றார். "இல்ல பாய், ஒருத்தரை விக்கப் போறேன்" என்றேன்.

தலைவர் வேலூருக்குக் கல்யாணத்துக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் அக்காவும் டேப் எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டுச் சுவரையும் ஷெட்டையும் வெளிப்பக்கமாக அளந்தோம். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து "இன்னா அளக்கறீங்க?" என்று கேட்டாள். "பந்தல் போடப் போறோம்மா" என்றாள் அக்கா, முகம் மாறாமல்.

எங்கள் வேலையில் ஒரு முறை இருக்கிறது. தோலை மேசையில் விரித்து, அட்டையில் வெட்டிய அளவுகளை அதன்மேல் அடுக்கிப் பார்ப்பார்கள். ஒரு துண்டு இன்னொரு துண்டின்மேல் ஏறக் கூடாது. ஏறினால் இரண்டும் வீண். கட்டிங்கில் முதல்நாள் சேருகிற பிள்ளைக்கும் இது தெரியும். அக்கா அதே அட்டையில், அதே கத்தியால், எங்கள் நகரை வெட்டினாள். தலைவருடையது தவிர ஒவ்வொரு மனைக்கும் ஒரு துண்டு, வரைபடத்தின் அளவில். பூங்காவுக்குப் பச்சைத் துண்டு. தலைவர் வீட்டுக்கும் ஷெட்டுக்கும் சேர்த்து ஒரு சிவப்புத் துண்டு, நாங்கள் அளந்த அளவில்.

திட்டத்துக்கு கிராம சபைத் தீர்மானம் வேண்டும். காந்தி ஜெயந்தி அன்று கூட்டம். வழக்கமாகக் கையெழுத்துக்குக்கூட ஆள் தேறாது. இந்தத் தடவை ஆள் குறைந்தால் பேஜார் ஆகிவிடும் என்று தலைவரே பின்வரிசைக்கு வந்து வீடு வீடாக அழைத்தார். "அன்னைக்குக் கம்பெனி லீவுதானே, எல்லாரும் வாங்க. ஆளுக்கு ஒரு பிரியாணி பொட்டலம்." என் வாசலிலும் நின்று சொன்னார். "கண்டிப்பா வர்றோம் சார்" என்றேன். எங்கள் வரிசை, அடுத்த தெரு, பஸ்ஸில் வருகிற மாதனூர் பக்கத்துப் பெண்களில் இதே பஞ்சாயத்தைச் சேர்ந்தவர்கள், எல்லோரையும் சேர்த்து அழைத்துப் போனேன். அவர் கேட்ட கூட்டத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம்.

பள்ளிக்கூட மைதானத்தில் பஞ்சாயத்துச் செயலர் தீர்மானத்தைப் படித்தார். பூங்காவின் அளவைப் படித்ததும் நான் எழுந்தேன்.

"தலைவர் சார், ஒரு சின்ன சந்தேகம். இந்த அளவு சரிதானே?"

"நான் எழுதினதும்மா. பேங்க்ல முப்பது வருஷம் எழுதின கை. ஓரடி முன்னே பின்னே இருக்காது."

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றேன். மேசையில் கூட்டத்துக்குத் தெரிகிற மாதிரி அட்டையைப் பரப்பினேன். மனைத் துண்டுகளை அடுக்கினேன். பச்சைத் துண்டை நடுவில் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. கடைசியாகச் சிவப்பை வைத்தேன். அது பச்சைமேல் ஏறி நின்றது.

யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் ஒருத்தி, வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவள், சத்தமாகச் சொன்னாள்: "ஐயோ, பீஸ் மேல பீஸ் ஏறுதே!"

கூட்டம் சிரித்தது. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் வாங்கிக் கொடுத்த பிரியாணி வாசனைக்கு நடுவில், அவரைப் பார்த்துச் சிரித்தது. அளவு தப்பு என்றால் விண்ணப்பம் பொய். அளவு சரி என்றால் ஷெட் பூங்காவுக்குள். அவர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவதை நான் பார்த்தேன். பதினொரு வருஷ இரட்டைத் தையலில் கிடைக்காத சுகம் அது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

சர்வேயர் வந்து அளந்து கல் நட்ட பிறகே வேலை, பின்பக்கமும் வாசல், எந்த வாசலுக்கும் பூட்டு இல்லை, பின்வாசலிலிருந்து பஸ் நிற்கிற இடம் வரை சைக்கிள் பாதை என்று தீர்மானத்தைத் திருத்தினார்கள். வேலையைப் பார்த்துக்கொள்ளப் போட்ட குழுவில் பின்வரிசை சார்பாக என்னைச் சேர்த்தார்கள். பாதை எப்படிப் போக வேண்டும் என்ற படத்தில் என் கையெழுத்தும் வேண்டும்.

இனிமேல் எழுதப்போவதை அக்காவைத் தவிர வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

கல் நட்டுவிட்டு சர்வேயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாதையை இங்க ஆறடி வளைச்சுட்டா ஷெட் தப்பிச்சுக்கும்மா. அந்தத் துண்டைச் செடி வைக்க விட்டதாக் காட்டிடலாம். உனக்கு வழிதானே வேணும்? வழி கெடச்சாச்சு." முன்வரிசை ஆட்கள் அவரிடம் பேசியிருந்தார்கள் என்று புரிந்தது. குழுவில் மற்றவர்கள் வளைத்த படத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பாக்கி நான்தான்.

அன்று சாயங்காலம் தலைவரின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். நல்ல அம்மா. நாற்காலியில் உட்கார்ந்தார், என் வீட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

"அவருக்கு பிரஷர் ஏறிப்போச்சும்மா. ரெண்டு நாளா சாப்பிடல. ஷெட்டை மட்டும் விட்டுடு. கேட் சாவியை நீயே வெச்சுக்கோ, நான் வாங்கித் தர்றேன்."

"கேட்டே இருக்காதும்மா இனிமே. சாவியை வெச்சு நான் இன்னா பண்றது?"

"உனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குமில்ல?"

புடவையைக் கணுக்கால் வரை தூக்கிக் காட்டினேன். தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. அந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அழுதார் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்குக் காரியம் இருந்தது, அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் சர்வேயரிடம் சொன்னேன்: "நேராவே போவட்டும் சார்."

வளைந்து போயிருந்தாலும் எனக்கு பஸ் கிடைத்திருக்கும். பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கிடைத்திருக்கும். எனக்கு அது தெரியும், தெரிந்துதான் சொன்னேன். அக்காவிடம் சொன்னபோது, "இன்னுமாடி சூடு ஆறல?" என்று மட்டும் கேட்டாள்.

ஷெட்டை இடித்த அன்று லீவு போட்டேன். ஒருநாள் சம்பளம் போனது. தகரம் கழன்று விழுகிற சத்தத்தை எதிரே வேப்ப மரத்தடியில் நின்று கடைசிவரை கேட்டேன். சிமெண்டுத் தரையை மட்டும் உடைக்க வேண்டாம், பாதைக்கு அப்படியே ஆகும் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். அதனால் பூங்காப் பாதையிலேயே வழுவழுப்பான இடம் அதுதான். அந்தப் பத்தடியில் மிதிக்கவே வேண்டாம், சைக்கிள் தானாக ஓடும். என் வலது காலுக்கு அங்கே ஓய்வு.

தலைவரின் கார் இப்போது பூங்காவை ஒட்டித் தெருவில், வேப்ப மர நிழலில் நிற்கிறது. விடிந்தால் அதன்மேல் காக்கை எச்சம். ஆறரைக்கு நான் வருகிற நேரம் அவர் துணியும் வாளியுமாகத் துடைத்துக்கொண்டிருப்பார். அந்த இடத்தில் எதிரே ஆளும் வராது, மாடும் வராது. நான் மணி அடிப்பேன். அவர் நிமிர மாட்டார்.

நிமிராத அன்றெல்லாம் இன்னொரு தடவை அடிப்பேன்.