தொண்டையில் இரண்டு விரல்

தொட்டாள்தான். இல்லையென்று யார் சொன்னது? கட்டட வேலைக்கு வந்த வடக்கத்தி மேஸ்திரியின் தொண்டையில் பெலிண்டா இரண்டு விரலை வைத்தாள். பட்டப்பகலில், மன்னார்புரத்தில், அவள் வீட்டுப் பக்கத்து மனையில் கொட்டியிருந்த மணல் குவியலுக்கு அருகே வைத்தாள். எதிர்வீட்டு விஜயராணி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்ததும் நிஜம். ஆனால் பாதி பார்த்தவுடனே படியிறங்கி ஓடினால் மீதியை யார் பார்ப்பது? அந்த மேஸ்திரி சுக்ராவுக்கு ஊரில் பேரன் பேத்தி இருக்கிறது. அவர் ஏதோ ஒரு சொல்லைச் சொன்னார். அடுத்த நிமிடம் பெலிண்டா அதே இரண்டு விரலைத் தன் தொண்டையில் வைத்து, அதே சொல்லைத் தானும் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. இன்னும் அழுத்திச் சொன்னாள். இருமல் வந்துவிட்டது. மேஸ்திரி சிரித்தார், கலவை போடுகிறவன் சிரித்தான், அவளும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கெட்ட எண்ணத்தோடு தொடுகிறவள் இப்படியா இருமுவாள்?

"அப்ப தகரக் கொட்டாய்க்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறது எதுக்காம்?" என்று மீன் வண்டிக்குப் பக்கத்தில் நின்று விஜயராணி கேட்டாள். பெலிண்டாவின் அம்மா டோரதி காதில் விழட்டும் என்றுதான் கேட்டாள். டோரதி நெத்திலியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கும் பதில் உண்டு. கேட்கிறவளுக்குப் பொறுமை வேண்டும்.

பெலிண்டாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. ஒரு காலில் செருப்பு போட்டிருப்பாள், இன்னொன்றைத் தேடுவாள், அதற்குள் வேறு ஏதோ நினைப்பு வந்து ஒற்றைச் செருப்போடு உள்ளே போவாள். அந்த வீட்டில் ஜன்னல் கட்டையில், தையல் மெஷின் மேல், மாதா படத்துக்குக் கீழே என்று எங்கு பார்த்தாலும் பாதி குடித்து ஆறிப்போன காபி டம்ளர் இருக்கும். நாற்பதை நெருங்குகிறாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். காலையில் பஸ் பிடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, காவிரிப் பாலம் தாண்டிப் போக வேண்டும். பாலத்தில் பஸ் ஏறினால் எல்லாரும் ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். அவள் பார்ப்பது பேசுகிறவர்களின் வாயை. முன்சீட்டில் இரண்டு பேர் தெலுங்கில் சண்டை போட்டார்கள் என்பதற்காக இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், பஸ் கடைசியாக நிற்கும் இடம் வரை போய், வெயிலில் நடந்து திரும்பி வந்தவள் அவள்.

கூட வேலை பார்க்கும் வைதேகி டீச்சர் ஒருநாள் டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டே கேட்டுவிட்டார்: "ஏன்டி பெலிண்டா, நேக்கு வாயிலே ஏதாவது ஒட்டிண்டிருக்கா? அப்படிப் பாக்கறயே!"

"இல்ல மிஸ். இப்ப 'பழையது'ன்னு சொன்னீங்கல்ல, நாக்கு எங்க மடங்குச்சுன்னு பாத்தேன். இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

"நன்னாருக்கு போ. சாப்பிடவாவது விடு" என்றார் வைதேகி. ஆனால் சொல்லிக் காட்டினார். அவள் கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். அப்படி ஒரு பசியோடு கேட்பாள்.

காந்தி மார்க்கெட்டில் ஆப்பிளைச் சுற்றி மெல்லிய தாள் வருமே, அது அவளுக்கு வேண்டும். "டீச்சரம்மா, இன்னிக்கும் பழம் வேணாம், பேப்பர் மட்டும் போதுமா?" என்று பழக்கடை கலீல் பாய் கேட்பார். அந்தத் தாளைக் கீற்றாகக் கிழித்து, பேசுகிறவர் உதட்டுக்கு முன்னால் பிடிப்பாள். எந்த எழுத்துக்குத் தாள் ஆடுகிறது, எதற்கு ஆடாமல் நிற்கிறது என்று பார்ப்பாள். நம் 'ப'வுக்குத் தாள் அசையாது. ஹிந்திக்காரர்கள் 'ப'விலேயே ஒன்றைக் காற்றோடு சொல்வார்கள், அதற்குத் துள்ளும். தொண்டையில் விரல் வைப்பதும் இதே ஜாதி வேலைதான். சில எழுத்து தொண்டையை அதிரவைக்கும், சிலது வைக்காது. காது ஏமாற்றினாலும் விரல் ஏமாற்றாது என்பாள்.

டோரதியையும் விட்டதில்லை. ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வந்து தொண்டையில் கை வைப்பாள். "கையை எடுடி! செபம் சொல்ற நேரத்துல என்ன விளையாட்டு?" என்று டோரதி தட்டிவிடுவாள். தட்டிவிடாத நாளே கிடையாது.

டோரதிக்கும் ஒரு கட்டாயம் உண்டு. அந்த வீட்டில் 'போறேன்' என்று சொல்லிவிட்டு யாரும் படி இறங்கக் கூடாது. 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வேண்டும். பெலிண்டா இரண்டையுமே சொல்ல மாட்டாள். சொல்ல நேரம் ஏது? பறந்துவிடுவாள். டோரதிதான் கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்து, தெருமுனையில் மறையும் முதுகைப் பார்த்து, "போயிட்டு வாடி!" என்று தனியாகக் கத்துவாள். தெருவே சிரிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கோவிலின் கடைசி வரிசையில் ஜார்க்கண்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் நிற்பார்கள். நெற்றியில் சிலுவை போடத் தெரிந்தவர்கள். பாட்டுத்தான் புரியாமல் நிற்பார்கள். ஒரு ஞாயிறு பூசை முடியும் முன்பே அந்தப் பெண்கள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசியது பெலிண்டா காதில் விழுந்தது. ஹிந்தி இல்லை. ஹிந்தி அவளுக்கு ஓரளவு தெரியும். கேட்டதே இல்லாத மொழி. ஆனால் நடுவில் ஒரு 'நாம்' வந்து போயிற்று. கூட்டத்தில் முகம் தெரியாத ஒருத்தி நம் அத்தை ஜாடையில் திரும்பிப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவளுக்கு. சாமியார் கடைசி ஆசீர்வாதம் கொடுப்பதற்குள் எழுந்து அவர்கள் பின்னால் ஓடிவிட்டாள்.

குருக் என்று பெயர் அந்தப் பேச்சுக்கு. எங்கோ வடக்கே காட்டிலும் மேட்டிலும் பேசுகிறார்கள். ஆனால் நம் தமிழுக்குத் தூரத்துச் சொந்தம். பல்லைப் பல் என்கிறார்கள். கண்ணையும் கிட்டத்தட்ட நம்மைப்போலத்தான் சொல்கிறார்கள்; தோசைக்கல்லைச் சுரண்டுவதுபோல் உள்தொண்டையில் ஓர் உரசலோடு. அந்த உரசலுக்குத்தான் சுக்ராவின் தொண்டையில் விரல் போனது. "இதெல்லாம் புஸ்தகத்துல இல்லையாக்கும்?" என்று டோரதி கேட்டதற்கு, "இருக்கும்மா. புஸ்தகத்துக்கு வாய் இல்லையே" என்றாள்.

பக்கத்து மனையில் வேலை பார்த்த ஜசிந்தாவும் பூசைக்கு வந்தவர்களில் ஒருத்தி. செங்கல் சுமப்பவள், சிரித்த முகம். அவள்தான் ஒரு சங்கதியைக் காட்டிக் கொடுத்தாள். பெண்ணும் பெண்ணும் மட்டும் பேசிக்கொள்ளும்போது அந்தப் பேச்சில் வினைச்சொல்லின் வால் வேறாகிவிடுகிறது. ஆண்பிள்ளை ஒருவன் வந்து நின்றால் போதும், மற்ற வால் வந்துவிடும். பெலிண்டா அதுவரை கற்றதெல்லாம் மேஸ்திரியிடம் கற்றது. அதை வைத்துக்கொண்டு ஜசிந்தாவிடம் பேசினால் பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "தீதி, நீ ஆம்பளையா?" என்றாள் ஜசிந்தா. தீதி என்றால் அக்கா. பெண்கள் பேச்சைக் கேட்க வேண்டுமானால் ஆண்கள் இல்லாத இடம் வேண்டும். தகரக் கொட்டகையைச் சாத்தியது அதற்குத்தான், விஜயராணி. உள்ளே கீரை ஆய்ந்துகொண்டு பொம்பளைகள் கதை பேசினார்கள். அவ்வளவுதான்.

அவசரம் என்னவென்றால், கட்டடம் வளர்ந்துகொண்டே போனது. மேல்தளம் போட்டு, பூச்சு முடிந்தால் ஆட்களை வேறு ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். அப்புறம் யாரைப் போய்க் கேட்பது? பக்கத்தில் ஒவ்வொரு தளமாக எழும்ப எழும்ப பெலிண்டாவுக்குத் தூக்கம் குறைந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். நெத்திலி ஆய்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக எடுத்துத் தலை வேறு வால் வேறாகப் பிரித்தாள். வந்தேன், வந்தாய், வந்தாள். அறுத்தேன், அறுத்தாய், அறுத்தாள். ஜசிந்தா சொல்லச் சொல்ல மொபைலில் பிடித்துக்கொண்டாள்.

அந்த வேகத்தில்தான் அவள் தவறினாள். 'சாவது' என்ற சொல்லுக்கு வந்தார்கள். மாடு செத்தது, சொல்லிவிட்டாள். கிழவன் செத்தான், சொல்லிவிட்டாள்.

"இப்ப, 'எங்க அம்மா செத்துட்டா'ன்னு சொல்லு."

ஜசிந்தா கீரையைக் கீழே வைத்தாள். "அது வேணாம் தீதி. வேற கேளு."

"சும்மா ஒரு வாக்கியம்தான் ஜசிந்தா. நெஜம் இல்லையே."

"நெஜம் இல்லன்னா எதுக்குச் சொல்லணும்?"

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். 'போறேன்' என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து வாசலுக்கு ஓடிவரும் அம்மாவிடம் வளர்ந்தவளுக்குத் தெரியாததா? ஆனால் அந்த ஒரு வால் மட்டும் பாக்கி இருந்தது. விடவில்லை. கெஞ்சினாள், கையைப் பிடித்தாள், ஒரே ஒரு தடவை என்றாள். ஜசிந்தா தரையைப் பார்த்துக்கொண்டு, உதடு பிரியாமல் சொன்னாள். தாள் ஆடவில்லை. பெலிண்டா மொபைலைப் பார்த்தாள், பதிவாகியிருக்கிறதா என்று.

அந்த வாரமே ஊரிலிருந்து போன் வந்தது. கிணற்றடியில் ஜசிந்தாவின் அம்மா விழுந்துவிட்டாள், மூச்சு இருக்கிறது, எழுந்திருக்கவில்லை என்று. கொட்டகையில் பேச்சு வார்த்தை நின்றுபோனது. பெலிண்டா போனால் பெண்கள் ஹிந்தியில் மட்டும் பதில் சொன்னார்கள். சுக்ரா மேஸ்திரி முகம் கொடுக்கவில்லை. ஜசிந்தா செங்கல் தட்டைத் தூக்கிக்கொண்டு மறுபக்கமாக ஏறிப்போனாள்.

இரண்டும் சேர்ந்து நடந்ததே தவிர ஒன்றால் இன்னொன்று நடந்ததில்லை என்று பெலிண்டாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். "என்னடி ஆச்சு?" என்று டோரதி கேட்டாள். சொன்னாள். டோரதி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு, "பெத்தவளை வச்சா பாடம் படிப்ப?" என்றாள்.

மறுநாள் பெலிண்டா கொட்டகைக்குப் போனாள். ஜசிந்தா துணி மடித்துக்கொண்டிருந்தாள், ஊருக்குப் போக. பெலிண்டா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மொபைலை எடுத்து, அவள் கண் முன்னாலேயே அந்த வாக்கியத்தை அழித்தாள்.

"அழிச்சா? சொன்னது சொன்னதுதானே தீதி" என்றாள் ஜசிந்தா.

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

ஜசிந்தா மடித்த துணியை மூட்டைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்: "நீ எங்க ஊருக்கு வா. அம்மா பேசும். அம்மா எந்திரிக்கும், சோறு திங்கும், என்னைத் திட்டும். நீ உக்காந்து கேளு. அதைப் பிடிச்சு வை. இது அழிஞ்ச எடத்துல அது இருக்கட்டும்."

கட்டடம் முடிந்தால் மொழி போய்விடும் என்று பயந்தவளை மொழியே கூப்பிட்டது. ஆனால் அவளைக் கிளப்பியது அது இல்லை. அந்த அம்மா எழுந்து உட்கார்ந்ததைக் கண்ணால் பார்க்காமல் இனி எந்தச் சொல்லையும் அவளால் பிரிக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டாள். பரீட்சை நேரத்தில் முடியாது என்றார்கள். வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். விஜயராணிக்கு அது போதும். "பாத்தியா, வடக்கத்திக்காரனோட ஓடுறா" என்றாள் தெருவில். ஓடினாள்தான், ஒரு கிழவியைப் பார்க்க.

கிளம்பும் காலையில் ஆட்டோ வாசலில் நின்றது. ஜசிந்தா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே இருந்தாள். சென்னை போய், ரயில் மாறி, ராஞ்சி போக வேண்டும். அங்கிருந்து இன்னும் பஸ். பெலிண்டா வழக்கம்போல ஒரு செருப்போடு பறந்துகொண்டிருந்தாள். இன்னொரு செருப்பு டோரதியின் கையில் இருந்தது. டோரதி நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப வருவ?"

"தெரியலம்மா. ரயிலுக்கு நேரமாச்சு, செருப்பைக் குடு."

"தெரியலன்னா?"

"அந்தம்மா எந்திரிச்சதும் வந்துடுவேன்."

"எந்திரிக்கலன்னா?"

பெலிண்டா செருப்புக்குக் கையை நீட்டினாள். டோரதி செருப்பைக் கீழே போட்டாள். நெற்றியில் சிலுவை போடப் போகிறாள் என்று நினைத்து பெலிண்டா தலையைக் குனிந்தாள். கை நெற்றிக்கு வரவில்லை. இரண்டு விரல், வெங்காயம் நறுக்கிய ஈரத்தோடு, அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

"இப்ப சொல்லு" என்றாள் டோரதி.

ஆடிக்கொண்டே இருக்கும் அந்தக் கால் இரண்டும் நின்றன. எதிர்வீட்டு மாடியில் விஜயராணி ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள்; இந்தத் தடவை பாதியில் இறங்கவில்லை.

"போயிட்டு வரேன்மா."

டோரதி விரலை எடுத்து வழி விட்டாள். ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போது பெலிண்டா தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். டோரதி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கத்தவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அந்த இரண்டு விரல் இப்போது அவளுடைய தொண்டையிலேயே இருந்தது.