ஒரு மைக் உள்ளதே போதும்

அக்காவும் நானும் அறந்தாங்கியில் அடுத்தடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவர்கள். ஆடி மாதம் கோயிலில் அம்மன் பாட்டு என்றால் எங்கள் இருவரையும்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பாட்டுகளை என் போனில் பதிந்து, சேனல் ஒன்று தொடங்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். போனை ஜன்னலில் சாய்த்து வைத்து, இரண்டு தலையும் முட்டிக்கொள்ளப் பாடுவோம்.

குவைத்திலிருந்து லீவுக்கு வருமுன் என் வீட்டுக்காரர் போனில் கேட்டார். "பாட்டுப் பதியுறதுக்கு நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வாரேன். மிக்சர் வேணுமா, இன்டர்ஃபேஸ் வேணுமா?"

பக்கத்திலிருந்த அக்கா, "மிக்சர்னா காரமா வாங்கியாரச் சொல்லுடி" என்றாள். எதையும் சிரிப்பாக்கிவிடுவாள். மிக்சரில் நாலு மைக் செருகலாம், இடத்தை அடைக்கும் என்றார் அவர். இன்டர்ஃபேஸ் கைக்கு அடக்கம், கம்ப்யூட்டரில் நேராக மாட்டலாம். ஒரு மைக் உள்ளதும் உண்டு, இரண்டு உள்ளதும் உண்டு. "ரெண்டு மைக் உள்ளதாப் பார்க்கவா?" என்றார். அக்கா இருந்ததால், "அப்புறம் சொல்றேங்க" என்று வைத்துவிட்டேன்.

காரணம் இருந்தது. எங்கள் பாட்டுக்குக் கீழே யாரோ, இரண்டாவது குரல் சுதி விலகுகிறது, அது இல்லாவிட்டால் கேட்கலாம் என்று எழுதியிருந்தார். அக்கா பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன். அழித்தேனே தவிர, அந்த ஆள் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு, மறுநாளே சுதி பிடித்துப் பாடிப் பழகியிருப்பாள். நான் கோழை. தனியாக இருந்தபோது அவருக்குப் போன் போட்டு, "ஒரு மைக் உள்ளதே போதுங்க" என்றேன். நான் சொல்ல வேண்டியதை அந்தப் பெட்டி சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

அவர் வந்த மறுநாளே அக்கா வந்துவிட்டாள். தலைக்குக் குளித்து, நல்ல சேலை உடுத்தி, இரண்டு புதுப் பாட்டுகளை நோட்டில் எழுதிக்கொண்டு. கம்ப்யூட்டர் முன்னால் தனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெட்டியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு எங்கிட்டுடி சொருகுறது?"

"இது ஒத்த ஆளு பாடுறதுக்கு, அக்கா" என்றேன்.

ஒரே மைக்கில் இருவர் பாடினால் என்ன? போனில் அப்படித்தானே பாடினோம்? அது அவளுக்கும் தெரியும். ஆனால் கேட்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நோட்டை மூடி எழுந்தாள்.

"ஃபேன் சத்தம் விழும்ல? அமத்துறேன். நீ பாடு."

அன்று சுதி விலகாமல்தான் பாடினேன். அவள் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே வேர்த்து வழிய நின்றாள். முடிந்ததும் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலைந்து மாதத்தில் மனசு கேட்காமல் இரண்டு மைக் உள்ளதையே வரவழைத்தேன். எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்தேன். கோபித்துக்கொண்டாலாவது காலில் விழலாம். அவள் கோபிக்கவே இல்லை. எப்போதும்போல வந்தாள், குழம்பு கொண்டுவந்தாள், சிரித்தாள். பாட மட்டும் வரவில்லை. அதுதான் என்னை அறுத்தது.

இந்த ஆடியில் கோயிலுக்குப் போனோம். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு கமிட்டிக்காரர் வழக்கம்போல, "ரெண்டு பேரும் வாங்கம்மா" என்று கூப்பிட்டார்.

"எனக்குப் பாட்டெல்லாம் வராதுங்க. தங்கச்சிதான் பாடும்" என்றாள் அக்கா. என் கையிலிருந்த பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நான் போக வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.